நாலரைப் பெண்கள்: சுங்கை சிப்புட்டில் ஒரு கட்சிக் கிளை கருத்துக் கேட்ட விதம்

15 பேர் கொண்ட கிளைச் செயற்குழுவில் 30 விழுக்காடு பெண்கள் என்றால் நாலரைப் பேர். தலைமையகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையில் அந்த அரையை ஏற்றுவதா இறக்குவதா என்று ஒரு வரி கிடையாது. ஏற்றினால் ஐந்து பெண்கள், இறக்கினால் நான்கு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு கட்சியின் கிளை இந்த ஐந்தாவது நாற்காலியில் பேச்சைத் தொடங்கி, பெண் உறுப்பினர் என்று யாரைக் கணக்கில் எடுப்பது என்ற கேள்வியில் போய் நின்றது. உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்கச் சொல்லி மேலிடம் அனுப்பிய இரண்டு பக்கப் பாரம் அங்கே எப்படிக் கையாளப்பட்டது, எந்த இடத்தில் கோணியது, யார் அதை நிமிர்த்தினார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கட்சியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கிளைச் செயலாளர் வைத்த ஒரே நிபந்தனை அது. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். நான் அந்தக் கட்சியில் உறுப்பினன் இல்லை. தொழிற்சங்கக் கல்விப் பணியில் இருந்தவன் என்பதால் கூட இருந்து குறிப்பெடுத்துத் தரச் சொன்னார்கள்.

சுற்றறிக்கை சொன்னது

மலாயில் எழுதிய அந்தச் சுற்றறிக்கையில் ஐந்து பிரிவுகள். கிளை, தொகுதி ஆகிய எல்லாச் செயற்குழுக்களிலும் 30 விழுக்காடு பெண்கள் இருக்க வேண்டும். தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற நான்கு பதவிகளில் ஒன்றாவது பெண்ணுக்கு. பெண் கிடைக்காவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கும், ஆணைக் கொண்டு நிரப்பக்கூடாது. மாநாட்டுக்குப் போகும் பேராளர் பட்டியலுக்கும் இதே விகிதம். ஐந்தாவது பிரிவு ஒரே வரி: பெண் உறுப்பினர் என்பவர் அடையாள அட்டையின்படி பெண்ணாகப் பதிவானவர்.

ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே ‘ஏற்கிறோம்’, ‘ஏற்கவில்லை’ என்று இரண்டு கட்டம். கீழே வருகையாளர் எண்ணிக்கை, கிளைத்தலைவர் கையெழுத்து. ஆறு வாரத்தில் திருப்பி அனுப்ப வேண்டும்.

கிளை என்ன எழுதினாலும் அது இறுதி முடிவாகாது. மலேசியாவில் அரசியல் கட்சி என்பது 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவான ஒரு சங்கம். கட்சியின் சட்டவிதியை மாற்றப் பேராளர் மாநாடு நிறைவேற்ற வேண்டும், பிறகு சங்கங்களின் பதிவிலாகா ஒப்புதல் தர வேண்டும். கிளையில் உட்கார்ந்திருக்கும் சாதாரண உறுப்பினர் இந்த விவகாரத்தில் வாய் திறக்கக்கூடிய ஒரே நேரம் அந்த ஆறு வாரம்தான். அதனால்தான் அதை எப்படிச் செலவு செய்தார்கள் என்பதை இவ்வளவு விரிவாக எழுதத் தோன்றுகிறது.

30 என்ற எண் புதிதில்லை. பொதுச்சேவையில் முடிவெடுக்கும் பதவிகளில் குறைந்தது 30 விழுக்காடு பெண்கள் என்ற கொள்கையை அரசாங்கம் 2004இலேயே ஏற்றது. அதற்கு முன் 2001இல் கூட்டரசு அரசமைப்பின் 8(2) விதியில், பாகுபாடு கூடாது என்ற பட்டியலில் பாலினமும் சேர்ந்தது. ஆனாலும் 2022 பொதுத்தேர்தலில் நாடாளுமன்றத்தின் 222 இடங்களில் பெண்கள் வென்றது 30தான். சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். 1959இல் துன் சம்பந்தன், 1974 முதல் 2008 வரை சாமிவேலு, பிறகு டாக்டர் ஜெயக்குமார், 2018 முதல் கேசவன். கட்சிகள் மாறின, அலைகள் அடித்தன, வேட்பாளர் ஒவ்வொருவரும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெண்களிடம் கும்பிட்டு ஓட்டுக் கேட்டார்கள். நாடாளுமன்றத்துக்குப் போன நால்வரும் ஆண்கள். இதை அந்த ஊர்ப் பெண்கள் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவர்களுக்கு அது வழக்கமாகிப்போன ஒன்று, நான்தான் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

முதல் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, குடியிருப்புத் தாமானின் பலநோக்கு மண்டபம். கிளையின் உறுப்பினர் பட்டியலில் பாதிக்கு மேல் பெண்கள். வந்தவர்களில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஞாயிறு காலை என்பது சந்தைக்குப் போகிற நேரம், சமையல் நேரம், ஈப்போ பக்கத் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் தூங்குகிற நேரம். யாரும் வேண்டுமென்று குறித்த நேரமில்லை. கிளைக்கூட்டம் எப்போதுமே அந்த நேரத்தில்தான்.

கிளைத்தலைவர் அறுபதைத் தாண்டியவர். சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினார், பிறகு லோரி ஓட்டினார். ஊரில் சாவு, கல்யாணம், பிள்ளைகளின் அடையாள அட்டைப் பிரச்சினை எதுவானாலும் முதலில் வந்து நிற்பவர். அவரைப் பற்றித் தப்பாக எழுத எனக்கு மனம் வராது. சுற்றறிக்கையை வாசித்துவிட்டு அவர் கேட்டார்: “நம்ம கிளையில பொம்பளைங்களுக்கு என்னா கொறை? கேட்டதெல்லாம் செஞ்சுதானே குடுத்திருக்கோம்?” யாரும் மறுக்கவில்லை.

முதல் நான்கு பிரிவுகளும் இருபது நிமிடத்துக்குள் முடிந்தன. ஒருவர் ஒரு யோசனை சொன்னார். சட்டவிதிப்படி தலைவர் மூன்று பேரை நியமிக்கலாம். அந்த மூன்று இடத்தையும் பெண்களுக்குக் கொடுத்துவிட்டால், செயலாளர் ஏற்கெனவே பெண், ஆக நான்கு. அரையை இறக்கிவிட்டால் கணக்குச் சரி. தேர்தலில் யாருடைய இடமும் போகாது. கைதட்டல். அந்த நேரத்தில் வந்திருந்த பெண்களில் நான்கு பேர் மண்டபத்துக்குப் பின்னால் சமையல்கட்டில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தட்டோடு உள்ளே வந்தபோது ‘ஒருமனதாக’ என்று செயலாளர் எழுதி முடித்திருந்தார்.

அந்த ஏற்பாட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உறுப்பினர்களின் ஓட்டில் ஜெயித்து வரும் பெண் ஒரே ஒருவர்தான் மிஞ்சுவார். மற்ற மூவரும் தலைவர் தயவில் வந்தவர்கள், தலைவர் நினைத்தால் போகிறவர்கள். செயற்குழுவில் அவர்கள் தலைவருக்கு எதிராக ஒரு வார்த்தை பேசுவார்களா? ஒதுக்கீட்டைத் தாளில் காட்டிவிட்டு நடைமுறையில் கழற்றிவிடும் வழிகளில் இதைவிடச் சுலபமானது எனக்குத் தெரிந்து இல்லை. யோசனை சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொன்னாரென்று நான் நினைக்கவில்லை. யார் மனசும் நோகாமல் ஒரு வழி பார்த்தார், அவ்வளவுதான்.

பிறகு ஐந்தாவது பிரிவு வந்தது.

கிளையில் ஒரு திருநங்கை உறுப்பினர் இருக்கிறார். பூக்கட்டி விற்பவர். கட்சியில் சேர்ந்த நாளிலிருந்து மகளிர் பகுதியில்தான் இருக்கிறார். தேர்தல் வந்தால் லயத்துக்கு லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) நடக்கிற கால்களில் அவருடையதும் உண்டு. எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நம் அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. தலைமையகத்தின் கணினி உறுப்பினர்களை அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் பிரிக்கிறது. அவருடைய எண் ஏழில் முடிகிறது.

பின்வரிசையிலிருந்து ஒருவர், “அப்ப இவுங்கள எதுல சேக்கிறது?” என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். தலைவர் சங்கடப்பட்டு, சீக்கிரம் முடித்துவிடலாமென்று, “சரி, சேத்துக்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க” என்றார். அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கைகளை எண்ணுவதற்குள் எழுந்து வெளியே போய்விட்டார். எண்ணிக்கையும் நின்றுபோனது.

ஓர் ஆளைப் பற்றி அந்த ஆள் முன்னாலேயே கை தூக்கச் சொல்வதற்குக் கருத்துக் கேட்பு என்று பெயர் வைக்க முடியாது. பிரிவை ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் இரு தரப்பிலும் பலர் பிற்பாடு இதையே என்னிடம் சொன்னார்கள்.

செயலாளர் செய்தது

செயலாளர் முப்பதுகளில் இருப்பவர், தனியார் மருந்தகம் ஒன்றில் கிராணி (எழுத்தர்). அவருடைய அப்பாவும் தலைவரும் ஒரே தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். கூட்டத்தில் “தலைவர் அவர்களே”, வெளியே “மாமா”. அன்று சாயங்காலமே தலைவர் வீட்டுக்குப் போய், பாரத்தை இன்னும் அனுப்பவில்லை என்றும், இப்படியே அனுப்பத் தன்னால் முடியாது என்றும் சொன்னார். வருகையாளர் கட்டத்தில் உண்மையான எண்ணிக்கையை எழுதினால் கிளைக்கு வெட்கம், கூட்டி எழுதினால் பொய்.

தலைவருக்கு ஒரு பயம் இருந்தது, அது நியாயமானதும்கூட. பெண்களைத் தனியாக, இளைஞர்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசினால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கோஷ்டி. அடுத்த கிளைத்தேர்தலுக்கு ஆள் திரட்டுகிறார்கள் என்று மறுநாளே தொகுதித் தலைவர் காதுக்குப் போய்விடும். இதற்குச் செயலாளர் கண்ட வழி எனக்குப் பிடித்திருந்தது. தனித்தனிச் சந்திப்புகளின் தேதி, இடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே தொகுதிக்கு எழுத்தில் தெரிவித்தார். ஒவ்வொரு சந்திப்புக்கும் தலைவர் வந்து வணக்கம் சொல்லி, “தாராளமா பேசுங்க, பேர் எழுத மாட்டாங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். தலைவர் அதைச் சொன்னபடியே செய்தார். அவர் வந்து சொன்னதால்தான் பல பெண்கள் பேசவே துணிந்தார்கள்.

பாரத்தைத் தமிழில் எழுதினார்கள். ஆனால் கட்டங்களை எடுத்துவிட்டார்கள். ‘ஏற்கிறோமா’ என்று கேட்பதற்குப் பதில், ‘நீங்கள் செயற்குழுவுக்கு வர என்ன தடை?’, ‘இந்த விதி வந்தால் உங்களுக்கு என்ன போகும்?’ என்று கேட்டார்கள். லயத்தில் பிற்பகல், மருந்தடிக்கிற பெண்கள் வேலை முடித்துக் குளித்துவிட்டு உட்காரும் நேரம். அடுக்குமாடியில் வெள்ளிக்கிழமை கோயில் முடிந்து, கீழ்த்தளப் படிக்கட்டருகே. தொழிற்சாலை பஸ்ஸில் போகும் பெண்களை எந்த நேரத்திலும் ஒன்றாகப் பிடிக்க முடியாது. அவர்கள் வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பினார்கள், பஸ் இரைச்சலோடு.

வந்த பேச்சு

விழுக்காட்டைப் பற்றி லயத்துப் பெண்கள் அதிகம் பேசவில்லை. அவர்கள் பேசியது வீடு திரும்புவதைப் பற்றி. “ராத்திரி பதினோரு மணிக்கு தொகுதி மீட்டிங் முடியுது. தலைவரு கார்ல ஏத்திக்கிட்டு வந்து விடுவாரு, நல்ல மனுசன்தான். மறுநாளு லயத்துல என்னா பேச்சு வரும்னு அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.” இன்னொருவர் பொருளாளர் பதவியைப் பற்றிச் சொன்னார்: செக் புத்தகம் வீட்டுக்கு வந்தால், கணக்கில் பத்து வெள்ளி (ரிங்கிட்) குறைந்தாலும் பதில் சொல்லப்போவது குடும்பம். ஆண்டறிக்கைக் கணக்கை எப்படி எழுதுவது என்று யாராவது உட்கார்ந்து சொல்லித் தருவார்களா என்று கேட்டார். தகுதியான பெண் கிடைப்பதில்லை என்று கூட்டங்களில் சொல்வதைப் பல முறை கேட்டிருக்கிறேன். சொல்லித்தர ஆள் கேட்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை அங்கேதான் பார்த்தேன்.

கூட்டங்களில் சிலர் நடந்துகொள்ளும் விதம் பற்றியும் வந்தது. அதை விவரிக்கப்போவதில்லை. பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் 2022இல் வந்து, புகாரை விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கே வழி செய்திருக்கிறது. ஆனால் கட்சிக்குள் யாரிடம் போய்ச் சொல்வது என்று அந்தப் பெண்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கடுமையான எதிர்ப்பு, யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. மகளிர் பகுதித் தலைவி சொன்னார்: “நல்லாப் பேசுற நாலு பேர கமிட்டிக்கு அனுப்பிட்டா மகளிர் பகுதிய யாரு பாக்குறது? அங்க போயி பத்து ஆம்பளைக்கு நடுவுல நாலு பேரு என்னா கிழிச்சிட முடியும்? இங்க நாங்க எடுத்ததுதான் முடிவு.” தோட்டத்தில் முப்பது வருடம் மருந்தடித்தவர் அவர். சொந்தமாகக் கட்டிக் காத்த ஓர் இடம் கரைந்துபோகும் என்ற பயம் அவருக்கு. ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் எல்லாரும் பெண்கள் மேலே வருவதை எதிர்ப்பவர்கள் என்று நினைக்கும் மேல்மட்டத்தவர்கள் இவரோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

இளைஞர்களின் சந்திப்பில் ஒருவர், “எனக்கு முப்பத்தி நாலு ஆச்சு. அடுத்த வருசம் இளைஞர் பகுதிய விட்டு வெளியாயிடுவேன். கமிட்டியில ஒரு எடம் வரும்னுதான் போஸ்டர் ஒட்டுனது, கொடி கட்டுனது எல்லாம். இப்ப அந்த எடம் அக்காவுக்குன்னு சொல்றீங்க. நான் எங்கண்ணே போறது?” என்று கேட்டார். மூத்த ஆண்கள் யாருடைய இடமும் போகாது, போவது இவருடையதுதான். ஒதுக்கீட்டின் விலையைப் பல இடங்களில் இப்படி வரிசையில் அடுத்து நின்றவர்தான் கொடுக்கிறார். அதற்குப் பதில் சொல்லாமல் கடந்துபோகக் கூடாது என்று செயலாளர் குறித்துக்கொண்டார்.

பஸ்ஸிலிருந்து வந்த ஒரு குரல்பதிவு: “கோட்டாவுல வந்தவன்னு பேரு வேணாம்க்கா. ஆனா கோட்டா இல்லாம என் பேர யாரு முன்மொழியப் போறாங்க? ரெண்டுமே உண்மைதானே.” காலி இடப் பிரிவைப் பற்றி இன்னொரு பெண்: “காலியாவே கெடக்கட்டும். அப்பத்தான் ஆள் தேடுவாங்க.”

ஐந்தாவது பிரிவு

இதற்குத் தனிக்கூட்டம் போடவில்லை. செயலாளர் முதலில் அக்காவின் வீட்டுக்குத் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டார். இந்தப் பேச்சு அவர் இருக்கும்போது நடக்க வேண்டுமா, இல்லாதபோதா, அவர் சார்பில் யாராவது பேச வேண்டுமா என்பதை அவரிடமே விட்டார். அவர் சொன்ன பதிலை அவர் அனுமதியோடு எழுதுகிறேன்: “எனக்கு எந்தப் பதவியும் வேணாம் தாயி. என்னை வச்சு ஓட்டு மட்டும் எடுக்காதீங்க. விதியப் பத்திப் பேசுங்க, நானும் பேசுறேன்.”

மகளிர் பகுதிக்குள்ளேயே கருத்து இரண்டாகத்தான் இருந்தது. ஒரு சாரார்: இவர் எங்களோடு நடந்தவர், எங்களோடு ஏச்சு வாங்கியவர், ஓர் இலக்கத்தைப் பார்த்து இவரை ஆண்கள் கணக்கில் எழுதுவது எங்களுக்கே அவமானம். மறு சாரார்: அவர்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஆனால் இது இத்தனை காலம் இடமே கிடைக்காத பெண்களுக்கென்று முதல் தடவையாக ஒதுக்குகிற நாலைந்து இடம். அடையாள அட்டை என்ற எழுத்து ஆதாரம் இல்லாவிட்டால் நாளைக்கு எந்தத் தலைவரும் தனக்கு வேண்டிய ஆளைப் பெண் கணக்கில் காட்டலாம். வெளியூர் மாநாட்டில் அறை பகிர்வது பற்றியும் ஒருவர் கேட்டார். கேட்டதற்காக அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை, அதை நல்ல அடையாளமாக நினைக்கிறேன்.

அட்டையை மாற்றிக்கொள்ளலாமே என்று இளைஞர் ஒருவர் கேட்டார். அது அவ்வளவு எளிதில்லை. 2005இல் ஒருவருக்கும் 2016இல் ஒருவருக்கும் உயர்நீதிமன்றம் இசைந்தது. 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் அடுத்த ஆண்டே மாற்றிவிட்டது. பூக்கட்டிப் பிழைக்கும் ஒருவர் செயற்குழு விதிக்காக நீதிமன்றப் படி ஏற வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

கிளை எடுத்த நிலை இது: ஐந்தாவது பிரிவில் எண்ணிக்கை எடுக்க மாட்டோம். இரண்டு தரப்புக் காரணங்களையும் முழுதாக எழுதி அனுப்புவோம். ஒதுக்கீட்டு இடத்துக்கு மேலிடம் எந்த அளவுகோலை வைத்தாலும், மகளிர் பகுதி உறுப்பியத்தை அந்த அளவுகோல் தொடக்கூடாது என்று கேட்போம். கடைசி வரியில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள், அறை பகிர்வது பற்றிக் கேட்டவர் உட்பட.

வேல்ஸில் ஒரு தொகுதி

மேலிடம் முடிவு செய்து கீழே இறக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சுங்கை சிப்புட் மாதிரியே உழைப்பாளிகள் நிறைந்த ஓர் இடத்தில் நடந்ததை, கடைசியில் எல்லாக் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்த கூட்டுக்கூட்டத்தில் நான் சொன்னேன். பிரிட்டனில் தொழிற்கட்சி 1993இல் சில தொகுதிகளில் பெண்கள் மட்டுமே வேட்பாளர் தேர்வுக்கு நிற்கலாம் என்று விதி செய்தது. 1996இல் தீர்ப்பாயம் அது சட்டத்துக்கு முரண் என்றது. ஆனாலும் 1997 தேர்தலில் அந்தக் கட்சியிலிருந்து 101 பெண்கள் நாடாளுமன்றம் போனார்கள். 2002இல் சட்டத்தையே திருத்தி வழி திறந்தார்கள். விதி பலன் தந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் 2005இல் வேல்ஸின் பிளைனை குவென்ட் தொகுதி மீது, சுரங்கமும் இரும்பாலையும் வளர்த்த ஊர் அது, உள்ளூர்க் கிளைகளின் எதிர்ப்பை மீறி அந்த விதியைத் திணித்தார்கள். உள்ளூர்க்காரரான பீட்டர் லா கட்சியை விட்டு விலகிச் சுயேச்சையாக நின்றார், ஜெயித்தார். முந்தைய தேர்தலில் தொழிற்கட்சி 19,000க்கு மேற்பட்ட பெரும்பான்மையில் வென்ற தொகுதி அது.

இதைக் கேட்டதும் மூத்த ஆண்கள் பக்கம் கொஞ்சம் உற்சாகம் தெரிந்தது. அதனால் ஜெர்மனியையும் சொன்னேன். கிறிஸ்துவ ஜனநாயகக் கட்சி 1996இல் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று மென்மையாக ஒரு விதி வைத்தது, கட்டாயமில்லாமல். 26 வருடம் கழித்து 2022 செப்டம்பரில் ஹனோவர் மாநாட்டில்தான் கட்டாய விதியை ஏற்றார்கள், அதுவும் மூன்றில் ஒன்று, 40 விழுக்காடு, பாதி என்று படிப்படியாக, காலக்கெடுவோடு. கேட்காமல் இறக்குவதால் ஒரு சேதம். கேட்டுக்கொண்டே தள்ளிப்போடுவதால் இன்னொரு சேதம், அதில் ஒரு தலைமுறைப் பெண்கள் காத்திருந்தே வயதாகிப்போகிறார்கள்.

கூட்டுக்கூட்டம்

சனிக்கிழமை மாலை ஐந்து மணி, அதே மண்டபம். பிள்ளைகளைக் கவனிக்க இளைஞர் பகுதியில் இருவரைப் போட்டார்கள். தே தாரிக் தேநீரைப் பாக்கெட்டில் கட்டிக் கடையிலிருந்தே வாங்கி வந்தார்கள். சமையல்கட்டுப் பூட்டியே இருந்தது. இதையெல்லாம் சின்ன ஏற்பாடு என்று விட்டுவிடக்கூடாது. முதல் கூட்டத்தில் நான்கு பேரின் ஓட்டு போனது தேநீரால்தான்.

ஒவ்வொரு குழு சொன்னதையும் வேறு குழுவைச் சேர்ந்தவர் வாசிக்க வேண்டும் என்பது செயலாளரின் ஏற்பாடு. அந்த முப்பத்து நான்கு வயதுக்காரர், பதினோரு மணிக் கார்ப் பயணத்தைப் பற்றிய பகுதியை வாசித்தார். அவர் கேட்ட கேள்வியை மகளிர் பகுதித் தலைவி வாசித்தார். வாசித்து முடித்ததும் தாளை மடக்கிக்கொண்டு, “இந்தப் பையனுக்கு நாம பதில் சொல்லித்தான் ஆகணும்” என்றார். அதன் பிறகுதான் பேச்சு விழுக்காட்டை விட்டு நகர்ந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர் ஒரே பதவியில் எத்தனை தவணை இருக்கலாம் என்று யாரோ கேட்டார்கள். பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் இடம் போதவில்லை என்றால், இருபது வருடமாக நகராத நாற்காலிகளைப் பற்றிப் பேச வேண்டாமா? மூன்று தவணை வரம்பு என்ற யோசனை அங்கிருந்துதான் வந்தது. சுற்றறிக்கையில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. தலைவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எழுதும்மா, அதையும் எழுது” என்றார்.

அனுப்பிய அறிக்கையில் இருந்தவை: அரை வந்தால் ஏற்ற வேண்டும், 15க்கு 5. நியமன இடங்கள் கணக்கில் வராது. காலி இடப் பிரிவு இருக்கட்டும், ஆனால் கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையை, அதாவது கோரத்தை, கணக்கிடும்போது காலி இடத்தைச் சேர்க்கக்கூடாது. பொருளாளர்களுக்குக் கணக்குப் பயிற்சி. புகார் சொல்லத் தொகுதிக்கு வெளியே ஒருவர். தவணை வரம்பு. மகளிர் பகுதி கலையாது என்ற உறுதி. ஐந்தாவது பிரிவுக்கு இரு தரப்புக் காரணங்கள். நான்காவது பிரிவில் மட்டும் யாருக்கும் சொல்ல ஒன்றுமில்லை, ஏற்றுக்கொண்டார்கள். பாரத்தில் இதற்கெல்லாம் இடமில்லை என்பதால் தனித்தாளில் இணைத்தார்கள். முதல் கூட்டத்தின் ‘ஒருமனதாக’ என்ற குறிப்பையும் அழிக்கவில்லை. அது நடந்தது நடந்ததுதான் என்று அதன் கீழே இரண்டாவது கூட்டத்தின் குறிப்பைச் சேர்த்தார்கள்.

தலைமையகத்திலிருந்து முதலில் வந்தது மூன்று வரி நன்றிக் கடிதம். கருத்துக் கேட்கும் கட்சிகள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். பஸ் இரைச்சலுக்கு நடுவே குரல்பதிவு அனுப்பிய பெண்ணுக்கு, தான் சொன்னது எங்கே போனது என்று யார் சொல்வது? செயலாளர் விடவில்லை. எந்தக் கருத்து ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்று கேட்டு இரண்டாவது கடிதம் எழுதினார். திருத்திய வரைவு வந்தபோது அரையை ஏற்றுவதும், நியமன இடம் கணக்கில் வராததும் அதில் இருந்தன. கோரம் பற்றிய வரியும் இருந்தது. தவணை வரம்பு இல்லை. ஐந்தாவது பிரிவு ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே இருந்தது. மகளிர் பகுதி உறுப்பியம் பற்றி ஒரு சொல் இல்லை.

யார் அனுமதியும் தேவைப்படாதவற்றைக் கிளை தானே தொடங்கிவிட்டது. கூட்டம் இனி சனிக்கிழமை மாலை. தொகுதிக் கூட்டத்துக்குப் போகும் பெண்கள் இருவராகப் போய் இருவராகத் திரும்புவார்கள், பெட்ரோல் செலவு கிளைக் கணக்கில். பொருளாளர் வேலையைக் கற்றுக்கொள்ள லயத்திலிருந்து அந்தப் பெண் மாதம் ஒரு முறை வருகிறார். அக்கா மகளிர் பகுதிக் கூட்டத்துக்கு மறுபடி வரத் தொடங்கியிருக்கிறார். பொதுக்கூட்டத்துக்கு இன்னும் வரவில்லை.

தொகுதியின் பேராளர் பட்டியலில் இந்தக் கிளையிலிருந்து இருவர் இருக்கிறார்கள்: மகளிர் பகுதித் தலைவியும், அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டப்போகும் அந்த இளைஞரும். தவணை வரம்பைப் பற்றியும் ஐந்தாவது பிரிவைப் பற்றியும் மாநாட்டில் பேச நேரம் ஒதுக்கும்படி இருவர் பெயரிலும் கடிதம் போயிருக்கிறது.